பாலும் பாவமா?

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவம். கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த மகள், பால், தயிர், நெய்யையும் விடச் சொல்கிறாள். மாட்டைக் கொன்றா பால் கறக்கிறோம்? மோர்க்குழம்பு இல்லாத சாப்பாடும் ஒரு சாப்பாடா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கறக்கும்போது கொல்வதில்லை, பிறகுதான். கன்று போட்டால்தான் பசுவுக்குப் பால். பால் தராத காளைக்கன்றுக்கும் மடி வற்றிய பசுவுக்கும் பண்ணையில் தீனி போடமாட்டார்கள். பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகின்றன. தோட்டத்து லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் ஒற்றைப் பசுவைக் கட்டிக் கறந்த காலத்து நியாயம் டின் பாலுக்குச் செல்லாது. உங்கள் வீட்டுச் சண்டை புதிதுமல்ல. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சைவ உணவுக்காரர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டதே இந்தப் பால் விவகாரத்தில்தான்.

மோர்க்குழம்புக்கு வழி இருக்கிறது. துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, பச்சரிசி ஒரு தேக்கரண்டி, இரண்டையும் அரைமணி ஊறவைத்து, மூன்று பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், சிறு துண்டு இஞ்சியோடு நைசாக அரையுங்கள். வெந்த பூசணியில் இரண்டு கப் இரண்டாம் தேங்காய்ப்பால், உப்பு, மஞ்சள், விழுது சேர்த்து, பச்சை வாசம் போகும்வரை கிளறிக் கொதிக்கவிடுங்கள். தீயைத் தணித்து ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவெனக் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகே எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி. அவசரப்பட்டு அடுப்பிலேயே பிழிந்தால் பால் திரியும், கசப்பும் ஏறும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். தயிரின் புளித்த மணம் இதில் வராது. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

தேங்காய் துருவிப் பிழியச் சோம்பலா? பெட்டித் தேங்காய்ப்பால் வாங்கலாம். பவுடர் என்றால் லேபிளைப் படியுங்கள்: பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். சைவ மட்டனிலும் முட்டை வெள்ளைக்கரு ஒளிந்திருப்பதுண்டு. தே தாரிக்கில் (இழுத்து ஆற்றும் தேநீரில்) ஊற்றும் இனிப்புக் க்ரீமரில் பாமாயில்தானே என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள், அதிலும் பெரும்பாலும் பால் சேர்ந்திருக்கும்.

இனி மகளுக்கு ஒரு கேள்வி. வைட்டமின் பி12 மாத்திரை போடுகிறாளா? கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. தெம்பேயை (புளிக்கவைத்த சோயாவை) நம்பவும் முடியாது. உடம்பின் கையிருப்பு கரைய வருடங்கள் ஆகும். அதனால் குறை தெரிவதே தாமதம், தெரியும்போது பாதம் மரத்திருக்கும். நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000. இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) நீங்கள் மெட்ஃபோர்மின் சாப்பிடுபவரானால், பால் குடித்தாலும் பி12 குறையலாம். அடுத்தமுறை கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.