பவுச் டிசைனைப் பின்பக்கத்தில் தொடங்குங்கள்

கேள்வி: லோகோ, விசிட்டிங் கார்டு, போஸ்டர் செய்துவந்த டிசைனர் நான். முதன்முறையாக ஒரு மசாலா நிறுவனத்துக்கு 100 கிராம் மஞ்சள்தூள் பவுச் வடிவமைத்தேன். முன்பக்கம் உரிமையாளருக்கு உடனே பிடித்துவிட்டது. அச்சுக்குப் போனதும் திருத்தம் மேல் திருத்தம். கடைசியில் வந்த பவுச்சில் மஞ்சள் நிறம் அழுக்கேறியதுபோல் இருக்கிறது. அடுத்த வேலைக்கு முன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முன்பக்கம் உங்கள் ரசனைக்கு விட்ட இடம். பின்பக்கத்தைச் சட்டமும் இயந்திரமும் முன்பே பங்கு போட்டுவிட்டன. அங்கே என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகுதான் முன்பக்கத்தில் கை வைக்க வேண்டும்.

முதலில் பவுச் தயாரிப்பவரிடம் கீலைன் வரைபடம், அதாவது பவுச்சை விரித்துப் போட்ட அளவுப் படம், வாங்குங்கள். சீல் விழும் பகுதி, நடு மடிப்பு, இயந்திரத்தின் சென்சார் படிக்கும் ஐ மார்க் எல்லாம் அதில் இருக்கும். சீல் மீது எழுத்து விழுந்தால் யாராலும் படிக்க முடியாது.

அடுத்து, போட்டே ஆக வேண்டியவை: நிகர எடை, எம்ஆர்பி, ஒரு கிராமுக்கான விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையோடு 14 இலக்க உரிம எண். இவை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழ் மட்டும் போதாது. ஆகவே இரண்டு மொழிக்கும் இடம் ஒதுக்குங்கள். தேதியும் விலையும் பிறகு இங்க்ஜெட்டில் அடிப்பதாக இருந்தால் அதற்கு வெளிர் நிறத்தில் வெற்றிடம் விடுங்கள். முன்பக்கத்தில் வரும் சைவப் பச்சை வட்டத்துக்கும் அளவு உண்டு. முகப்பின் பரப்பு 100 முதல் 500 சதுர செ.மீ.க்குள் இருந்தால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 4 மி.மீ., சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் அதைப்போல் இரு மடங்கு.

பார்கோடில் பலரும் கைவைத்து அழகுபடுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்க பார்கோடான இஎஎன்-13இன் இயல்பான அகலம், இருபக்க வெற்றிடத்தையும் சேர்த்து 37.29 மி.மீ. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. கடை ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடுகள் தெரியாது. மஞ்சள் பின்னணியில் கறுப்புக் கோடு தாராளமாகப் படிக்கும். கோடுகள் ஃபிலிம் ஓடும் திசைக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே வைத்தால் மை சற்று இழுபட்டாலும் இடைவெளிகள் அடைபட்டுவிடும்.

இப்போது உங்கள் மஞ்சள். திரையின் நிறம் ஒளி, பவுச்சின் நிறம் மை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பவுச்சில் இன்னொன்றும் இருக்கிறது: வெள்ளை மை. கிராவூரில், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செதுக்கிய சிலிண்டர் வைத்து அச்சிடும் முறையில், தெளிவான ஃபிலிமின் உட்புறம் நிறங்களை அடித்து, அவற்றின் பின்னால் வெள்ளை அடித்து, அதன் பிறகுதான் அடுத்த அடுக்கை ஒட்டுவார்கள். மஞ்சள் மை ஒளி ஊடுருவக்கூடியது. வெள்ளை மெலிந்திருந்தால், பின்னால் உலோகப் பூச்சுள்ள மெட்டலைஸ்டு ஃபிலிம் இருக்கும்போது அதன் சாம்பல் மேலே தெரியும். உங்கள் பவுச்சும் மெட்டலைஸ்டு என்றால் பெரும்பாலும் நடந்தது இதுதான். வெள்ளையைக் கனமாகவோ இரண்டு முறையோ அடிக்கச் சொல்லுங்கள். பிராண்டின் முக்கிய நிறத்துக்குத் தனி மை கேளுங்கள். ஒரு சிலிண்டர் கூடும், செலவும் கூடும். ஆனாலும் மஞ்சள்தூளுக்கு அந்தச் செலவு தகும். அச்சாகப்போகும் அதே ஃபிலிமில் மாதிரி பார்க்காமல் நிறத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

சின்ன எழுத்தை ஒரே நிறத்தில் வையுங்கள். நாலு நிறம் கலந்தால் இம்மி விலகினாலும் இரட்டையாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளைத் தமிழ் எழுத்து வைத்தால் ண, ஞ இரண்டின் சுழிகளிலும் மை அடைத்துக்கொள்ளும்.

பழைய பிராண்டைப் புதுப்பிக்கும் வேலை வந்தால் டிராபிகானா என்ற ஜூஸ் பிராண்டை நினைவில் வையுங்கள். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் தன் அட்டைப் பெட்டியில் இருந்த, ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு ஜூஸ் டம்ளரைப் போட்டது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். வாங்குபவர் அலமாரியில் எதைப் பார்த்துக் கையை நீட்டுகிறார் என்று கடையில் நின்று பார்த்துவிட்டு, அதை மட்டும் தொடாமல் மற்றதை மாற்றுங்கள்.

சிலிண்டர் வெட்டுவதற்கு முன், உரிமையாளர் ஒவ்வொரு வரியையும் படித்து, நிஜ அளவில் எடுத்த பிரிண்டில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் வரும் மாற்றத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.