போனுக்கு நிறம் முடிவு செய்வதும் ஒரு வேலைதான்

மகளுக்குக் கணினிப் பொறியியலில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்கிறாள், பொருள்களின் நிறம், பளபளப்பு என்றே பேசுகிறாள், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத படிப்பில் நான்கு வருடக் கட்டணம் கட்டப்போவது அவர்கள் அல்ல, நீங்கள். அதனால் அவர்கள் சிரிப்பை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் பேசுவதற்குத் தொழிலில் பெயரே உண்டு: சி.எம்.எஃப். டிசைன். நிறம், மூலப்பொருள், மேற்பூச்சு மூன்றையும் சேர்த்து முடிவு செய்யும் வேலை. 1998-இல் நீலப்பச்சை நிறத்தில் வந்த ஆப்பிளின் ஐமேக் கணினி, அடுத்த ஆண்டே ஐந்து பழ நிறங்களில் வந்தது. வேகம் கொஞ்சம்தான் கூடியிருந்தது. விளம்பரம் முழுக்க நிறத்தைப் பற்றியே பேசியது.

இதை ரசனை வேலை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட வெள்ளை ஐபோன் 4, 2011 ஏப்ரலில்தான் கடைக்கு வந்தது. வெள்ளைப் பூச்சு நாள்பட நிலைப்பதும் சென்சார்களோடு ஒத்துப்போவதும் சிக்கலாகிவிட்டது. அலுமினியத்தில் நிறம் ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி நுண்துளைகளோடு ஆக்ஸைடு படலம் வளர்க்கிறார்கள், துளைகளில் சாயம் இறங்குகிறது, பிறகு துளைகளை அடைக்கிறார்கள். தொட்டியின் வெப்பமோ நேரமோ மாறினால் சாயலும் மாறும். போனின் சட்டமும் பொத்தானும் வேறு வேறு உலோகக் கலவையாக இருந்தால் ஒரே சாயத்திலும் இரண்டு நிறமாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் பொருந்திய இரண்டு துண்டுகள் கடை விளக்கில் பிரிந்து தெரிவதும் உண்டு. அதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியில் அளந்து, நிற வேறுபாட்டைச் சொல்லும் எண்ணான டெல்டா ஈ எவ்வளவு வரை தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். உலோகப் பளபளப்புக்காக மின்கடத்தும் பூச்சு போட்டால் ஆன்டெனா சிக்னலே அடிவாங்கும்.

கணக்கும் தெரிய வேண்டும். நான்கு நிறம், மூன்று சேமிப்பளவு என்றால் பன்னிரண்டு வகைச் சரக்கு. ஒரு நிறம் தவறினால் அது கிடங்கில் தூங்கும். விளம்பரப் படத்துக்கு ஒரு பளிச் நிறம், விற்பனையைத் தாங்கக் கறுப்பும் வெள்ளியும் என்று நிறுவனங்கள் வரிசை அமைப்பது இதற்காகத்தான்.

முதலில் கண் பரிசோதனை. புள்ளிப் படங்களில் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா, அதன்பின் நிற மூடிகளைச் சாயல் வரிசையில் அடுக்கும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் 100: பெயரில் நூறு, அடுக்க வேண்டிய மூடிகள் 85. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியவில்லை என்றால் சாயலுக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள். இதில் இரக்கம் காட்ட முடியாது. தேறினால் தொழிற்பொருள் வடிவமைப்போ, பாலிமர் அல்லது மேற்பூச்சுத் தொழில்நுட்பமோ படிக்கட்டும். நுழைவுக்கு, ஒரே நிறத்தைப் பிளாஸ்டிக், அலுமினியம், துணி மூன்றிலும் மாதிரித் துண்டுகளாகச் செய்து, ஒவ்வொன்றும் யாருக்கு விற்கும் என்று பக்கத்தில் எழுதட்டும். திரையில் ஒட்டிய படங்களை மட்டும் கொண்டுபோனால் மதிப்பு இருக்காது.

ஒன்றை மறைக்கக்கூடாது: பெரிய நிறுவனங்களில் இந்தக் குழுக்கள் சிறியவை. பெயிண்ட், நிறமி, பிளாஸ்டிக் சப்ளையர்களிடம் தொடங்கி மேலே போவதுதான் நடைமுறை. ஆகவே வீட்டை அடமானம் வைத்து எந்த டிசைன் கல்லூரியிலும் சேர்க்காதீர்கள். கட்டணம் கட்டும் முன் அவளோடு நேரில் போய் மாதிரிக் கூடம், பெயிண்ட் அறை, அளவுக் கருவி மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். கணினி வரிசையை மட்டும் காட்டினால், பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.