வீகன் சீஸ் பார்சலும் 'கிஃப்ட்' என்ற ஒரு சொல்லும்

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நாலு வருடமாக வீகன். பால், தயிர், முட்டைகூடத் தொடமாட்டாள். மாசியில் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. எல்லாரும் கறிச்சோறு சாப்பிடும்போது அவள் மட்டும் ரசமும் அப்பளமுமாக உட்கார்ந்திருப்பாளே என்று, இங்கிலாந்தில் உள்ள ஓர் இணையக் கடையில் தாவரப் புரதத்தில் செய்த சாசேஜ், சிக்கன் போன்ற துண்டுகள், முந்திரிப் பருப்பு சீஸ் என ஆறு பாக்கெட் வாங்கினேன். பொருளுக்கு 84 பவுண்டு, ஐஸ் பெட்டியோடு அனுப்ப 38, 'இந்திய வரி முன்பணம்' என்று 22, மொத்தம் 144. கார்டில் ரூ.16,900 போனது. என் அக்கா மகன் அந்தக் கடையின் சாட்டில் பேசி, வரி குறையட்டும் என்று 'கிஃப்ட், ஸ்நாக்ஸ், 20 பவுண்டு' என்று எழுதச் சொன்னான். அவர்களும் எழுதினார்கள். பார்சல் சென்னையில் நின்று 19 நாள் ஆகிறது. கிடா வெட்டும் முடிந்துவிட்டது. கூரியரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்று கேட்கிறார்கள். கடைக்காரர் 'இனி எங்கள் பொறுப்பில்லை' என்கிறார். நேற்று கஸ்டம்ஸ் அதிகாரி என்று ஒருவர் போன் செய்து, ரூ.8,500 ஜிபே பண்ணினால் உடனே விடுவதாகச் சொன்னார். கட்டலாமா? மகள் வேறு, இதையே வரவழைத்து கே.கே.நகரில் விற்கலாம் என்கிறாள்.

பதில்: கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது. சுங்கத்துறை அதிகாரி யாரும் தனிநபர் போன் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்ல மாட்டார். சுங்க வரி என்றால் அதற்கென்று கணக்கு உண்டு. கூரியர் நிறுவனம் கட்டிவிட்டு உங்களிடம் ரசீதோடு வசூலிக்கும். 2019 கடைசியிலிருந்து சுங்கத்துறையின் நோட்டீஸ், கடிதம் எல்லாவற்றிலும் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று விதி. அந்த எண் உண்மையானதா என்று மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். போன் செய்தவரிடம் டின் எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் மறுமுனை அமைதியாகிவிடும். ஏற்கெனவே பணம் எதுவும் அனுப்பியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930-ஐ அழையுங்கள்.

ஆனால் அந்த ஆள் மோசடிக்காரர் என்பதால் பார்சல் உண்மையில் நிற்கவில்லை என்று ஆகிவிடாது. நிற்கிறது. நிற்பதற்கான காரணமும் நீங்கள் நினைப்பது மட்டும் இல்லை.

உணவு விஷயத்தை முதலில் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 25-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற, தவறாக லேபிள் ஒட்டிய, தரம் குறைந்த உணவை எவரும் இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது. 'வியாபாரி' என்று அது சொல்லவில்லை, 'எவரும்' என்கிறது. அந்த வலையில் நீங்களும் உண்டு. அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி உரிமம் எடுக்க வேண்டியவர் உணவுத் தொழில் செய்பவர் மட்டும். மகளுக்காக ஆறு பாக்கெட் வாங்கிய தாய் தொழில் செய்பவர் அல்ல. சொந்த உபயோகத்துக்கு வரவழைப்பவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் தேவையில்லை. ஆகவே 'லைசென்ஸ் இருக்கிறதா' என்று கூரியர் பையன் மிரட்டினால் பயப்பட வேண்டாம். 'இது சொந்த உபயோகம், ஆறு பாக்கெட்' என்று எழுத்தில் சொல்லுங்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் வேலை, கூரியருடையது அல்ல.

அதிகாரி ஏன் தயங்குகிறார் என்பதும் நியாயம்தான். பெட்டியைத் திறந்தால் ஒரு பாக்கெட்டில் 'சீஸ்', இன்னொன்றில் 'சிக்கன்' என்று பெரிய எழுத்து. உண்மையான பாலாடைக்கட்டியோ கோழியோ வெளிநாட்டிலிருந்து வந்தால் கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். முந்திரியில் செய்ததற்கு அது வேண்டாம். ஆனால் 'முந்திரி' என்ற சொல் பின்பக்கம், எறும்பு சைஸில் இருக்கும். தவிர, நம் ஊர் விதிப்படி பால் இல்லாத பொருளுக்குப் பால் பொருளின் பெயரை வைக்க முடியாது. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 'பால்' என்ற பெயரோடு விற்ற தாவர பானங்களைத் தளத்திலிருந்து நீக்கச் சொல்லி இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. காலங்காலமாக வழக்கில் உள்ள பெயர்களுக்கு விலக்கு உண்டு. நம் வீட்டு ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால் ஊற்றலாம், அதைத் 'தேங்காய் பானம்' என்று மாற்ற வேண்டியதில்லை. முந்திரி சீஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

2022-இல் வீகன் உணவுகளுக்கென்றே தனி ஒழுங்குமுறை வந்தது. விலங்கிலிருந்து வந்த எதுவும், சேர்மானமாகவோ, நொதியாகவோ, தயாரிப்புக்கு உதவும் பொருளாகவோ எந்தக் கட்டத்திலும் கலக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் வீகன் உணவு, அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றிதழோடுதான் வர வேண்டும். ஆறு பாக்கெட் அனுப்பும் சில்லறைக் கடை அந்தக் காகிதத்தைத் தயாரித்துத் தராது. இது வணிக இறக்குமதியை மனதில் வைத்து எழுதிய விதி என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் வாதம் முடிவதற்குள் உங்கள் சாசேஜ் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதுவரை சொன்னது சமாளிக்கக் கூடியது. சமாளிக்கக் கஷ்டமானது உங்கள் அக்கா மகன் செய்த காரியம்.

டிசம்பர் 2019 முதல் தபாலிலோ கூரியரிலோ 'கிஃப்ட்' என்று சொல்லிப் பொருள் இறக்குமதி செய்வதே தடை. இணையக் கடையில் வாங்கியதும் இதில் அடக்கம். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு. முன்பு 5,000 ரூபாய் வரை கிஃப்ட்டுக்கு வரி இல்லாமல் இருந்தது. ஒரே ஆள் பெயருக்குத் தினமும் 'கிஃப்ட்' வந்ததால்தான் அரசு அந்தக் கதவை மூடியது. அக்கா மகனுக்குப் பழைய கதை தெரிந்திருக்கிறது, புதியது தெரியவில்லை. வரியைக் குறைக்கப் போய், வரி கட்டி எடுத்திருக்கக் கூடிய பொருளைத் தடை செய்யப்பட்ட பொருளாக்கிவிட்டார்.

அதன் விளைவைச் சொல்கிறேன். சுங்கச் சட்டம், 1962-இன் 111-ஆம் பிரிவில் பொருளைப் பறிமுதல் செய்யலாம். 112-இல், தடை செய்த பொருளென்றால், பொருளின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம். தெரிந்தே பொய்யான விவரம் கொடுத்தால் 114ஏஏ பிரிவில் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை போகலாம். பொருளும் அனுப்பும் செலவும் சேர்ந்து ஏறத்தாழ 14,300 ரூபாய் என்றால், உச்சவரம்பு 71,500. இது உச்சவரம்பு மட்டுமே. இவ்வளவு சின்னப் பார்சலில், முதல் தடவை, உண்மையை ஒப்புக்கொள்கிற ஆளுக்கு இந்த அளவு போட நான் பார்த்ததில்லை. ஆனால் 'எனக்கு ஒன்றும் தெரியாது, கடைக்காரர் எழுதினார்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, பிறகு அந்த சாட் வெளியே வந்தால், நிலைமை வேறு.

'பொருளே வேண்டாம், விட்டுவிடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் வரி கட்ட வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். 23-ஆம் பிரிவில் அந்த வசதி இருக்கிறது. அதிலேயே ஒரு கொக்கியும் இருக்கிறது: குற்றம் நடந்ததாகத் தெரியும் பொருளில் உரிமையைக் கைவிட அனுமதி கிடையாது. 'கிஃப்ட்' என்ற அந்தச் சொல் இங்கேயும் வந்து குறுக்கே நிற்கிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, சென்னையில் அந்தப் பார்சலைப் பார்க்கும் சுங்கத்துறை உதவி ஆணையருக்குக் கூரியர் வழியாக ஒரு கடிதம். நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும். 'இது நான் விலை கொடுத்து வாங்கியது. உண்மையான பில் இணைத்திருக்கிறேன். அறிவிப்பில் கிஃப்ட் என்றும் 20 பவுண்டு என்றும் தவறாக உள்ளது. என் உறவினர் விவரம் தெரியாமல் அப்படி எழுதச் சொன்னார். முழுக்கத் தாவரப் பொருள், சொந்த உபயோகம். குளிர்பதனம் இல்லாமல் நாளாகிவிட்டதால் எனக்கு இனி தேவையில்லை. உரிமையைக் கைவிட அனுமதிக்க வேண்டும், அல்லது உரிய உத்தரவைச் சீக்கிரம் பிறப்பிக்க வேண்டும்.' ஆதார் நகல், கார்டு ஸ்டேட்மென்ட் வையுங்கள். பறிமுதலோ அபராதமோ என்றால் 124-ஆம் பிரிவுப்படி உங்களுக்கு நோட்டீஸ் தந்து, பதில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நீங்களே கேட்டுக்கொண்டால் அது வாய்மொழியாகவும் நடக்கலாம். சின்ன விஷயத்தில் அது நல்லதுதான், சென்னைக்குப் பாண்டியன் ரயிலில் போய்வரும் செலவில் அபராதத்தில் பாதியைக் கட்டிவிடலாம். உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைக்குப் போகும் வழியில் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக நேராக அங்கே ரிட் மனு போடலாமா என்று கேட்காதீர்கள். ஆறு பாக்கெட்டுக்கு வேண்டாம்.

பொருளை மீட்கலாமா? 125-ஆம் பிரிவில் மீட்புத் தொகை கட்டி எடுக்க வழி உண்டு. தடை செய்யாத பொருளுக்கு அதிகாரி அந்த வாய்ப்பைத் தந்தே ஆக வேண்டும். தடை செய்ததற்கு அவர் விருப்பம். தந்தாலும் எடுக்காதீர்கள். ஜெல் ஐஸ் பேக் இரண்டு நாள் தாங்கும். 19 நாள் கிடங்கில் கிடந்த தாவரப் புரதம், கெட்டுப்போன மீன் அளவுக்கு நாறாது என்பதுதான் ஆபத்தே, நல்லதாகவே தெரியும். வரி கட்டி எடுத்து, கெட்டிருக்கிறது என்று வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. 26ஏ பிரிவு அழுகும் பொருளுக்கும் காலாவதியானதற்கும் அப்படி வரியைத் திருப்பித் தருவதை வெளிப்படையாகவே மறுக்கிறது.

இப்போது இங்கிலாந்துக் கடை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்தபின் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம். 2020-இன் இணைய வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். இந்திய வரி என்று தனியாக 22 பவுண்டு வாங்குகிற கடை, இங்கே விற்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டீஸை இங்கிலாந்துக்கு அனுப்பி, உத்தரவு வாங்கி, அதை அங்கே நிறைவேற்றுவது வேறு கதை. முழு 144 பவுண்டுக்கு உங்கள் பக்கம் பலமும் இல்லை: பார்சல் நின்றதற்கு நீங்கள் கேட்டு எழுதிய வாசகமும் ஒரு காரணம் என்று அவர்கள் அதே சாட்டைக் காட்டுவார்கள்.

அந்த 22 பவுண்டு மட்டும் வேறு. வரி கட்டுவதாக வாங்கிய பணம், வரி கட்டவில்லை, 20 பவுண்டு கிஃப்ட் என்று எழுதிவிட்டு 22 பவுண்டு வரி வாங்கியதே வேடிக்கை. அதைத் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். தரவில்லையென்றால் உங்கள் வங்கியில் சார்ஜ்பேக் விண்ணப்பம், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், கொடுங்கள். கார்டு நிறுவனங்கள் பொதுவாக 120 நாள் வரைதான் ஏற்கும், தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பத்தில் 'பொருள் வரவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு கஸ்டம்ஸ் கதையை மறைக்க வேண்டாம். ஒரு பொய் போதும் இந்த வீட்டுக்கு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம்.

மகளின் வியாபார யோசனைக்கு இப்போதைக்குச் சுருக்கமாக: விற்பனைக்கென்றால் மேலே நான் சொன்ன 'சொந்த உபயோகம்' என்ற குடை மொத்தமும் மடங்கிவிடும். இறக்குமதிக் குறியீட்டு எண், இறக்குமதியாளருக்கான மத்திய உரிமம், அந்த வீகன் சான்றிதழ், இந்திய லேபிள், மாதிரிப் பரிசோதனை எல்லாம் வரும். வந்திறங்கும்போது ஆயுட்காலத்தில் 60 சதவீதம் அல்லது காலாவதிக்கு முன் மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது மீதி இருக்க வேண்டும். சீஸ் வகையில் இது பெரிய இடி. மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் செய்த 'ரத்த நிற' சேர்மானம் உள்ள பர்கர் வகைகளைத் தொடவே வேண்டாம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு குறுக்கே வரும். உள்ளூரிலேயே மீல் மேக்கரையும் பலாக்காயையும் வைத்துச் சுக்கா பண்ணி, வீட்டுச் சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு எடுத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாசிக்குக் குலதெய்வம் கோயிலுக்கும் அது ஆகும்.

இன்று சாயங்காலம் செய்ய வேண்டியது: கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த 22 பவுண்டு தனி வரியாக இருக்கிறதா, 144-க்குள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் கடையின் பில் பிடிஎஃப்பை எடுத்து வையுங்கள். அக்கா மகனிடம் சாட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதன் படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.