ஸ்வெட்டர் விற்று வாழ முடியுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பின்னல் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஊசியைக் கையில் எடுத்தால்தான் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும். நான் பின்னிய ஸ்வெட்டரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “இதை வித்தா நல்லா போகுமே” என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு உங்களைப் போல முழுநேரமும் பின்னலாமா என்று ஆசையாக இருக்கிறது. உங்கள் நாள் எப்படிப் போகிறது? இப்போது ஊசியில் என்ன இருக்கிறது? வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே?

எம்.

அன்புள்ள எம்.,

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பணத்திலிருந்தே தொடங்குகிறேன். கையால் ஸ்வெட்டர் பின்னி விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் விற்பதில்லை.

கணக்கு தெரிந்தவர் நீங்கள், போட்டுப் பாருங்கள். மார்புச் சுற்று 100 செ.மீ., 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 30 வரிசை. பூ வேலை எதுவும் இல்லாத சாதாரண ஸ்வெட்டர். உடம்புப் பகுதி மட்டுமே 220 கண்ணியில் 120 சுற்று, அதாவது 26,400 கண்ணி. கைகளும் தோள் பகுதியும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 30 கண்ணி போட்டால் முப்பது மணி நேரம். அதில் மாதிரித் துண்டு பின்னுவது, இணைப்பது, நூல் முனைகளை மறைப்பது, நனைத்து விரித்துக் காய வைப்பது எதுவுமே சேரவில்லை. வேகமாகப் பின்னினால் போதுமே என்பீர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்த ஹேசல் டின்டல் 2008-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் நடந்த வேகப் பின்னல் போட்டியில் 3 நிமிடத்தில் 262 கண்ணி போட்டு ஜெயித்தார். அந்த வேகத்தில் மூச்சு விடாமல் பின்னினாலும் இந்த ஸ்வெட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகும். பத்து மணி நேரக் கூலியையும் நூல் விலையையும் கூட்டி ஒரு விலை சொல்லிப் பாருங்கள், “நல்லா போகும்” என்றவர்களே முதலில் நகர்ந்துவிடுவார்கள்.

இது இன்றைக்கு வந்த நிலைமை இல்லை. ஷெட்லாந்துப் பெண்களின் சால்வைகள் அந்தக் காலத்திலேயே பேர் போனவை. ஆனால் கடைக்காரர்கள் அவர்களுக்குக் காசு கொடுக்காமல், பின்னியதற்கு ஈடாகத் தேயிலையையும் துணியையும்தான் கொடுத்தார்கள். அதை விசாரிக்க 1872-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு கமிஷனே போட வேண்டியிருந்தது.

அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து? பேட்டர்ன், அதாவது எதை எப்படிப் பின்னுவது என்ற செய்முறைக் குறிப்பு, எழுதி விற்பது, வகுப்பு எடுப்பது, நூல் நிறுவனங்கள் காட்சிக்கு வைக்கச் சாம்பிள் பின்னிக் கொடுப்பது. சாம்பிளுக்குப் பெரும்பாலும் எத்தனை மீட்டர் நூல் செலவானதோ அதை வைத்துக் கூலி. நிதானமாகப் பின்னுகிறவருக்கு அது கட்டாது. வகுப்பு நடத்தினால் காசு உடனே கைக்கு வரும், தொண்டையும் உடனே போகும். பேட்டர்ன்தான் ஒரு முறை எழுதி வைத்தால் நாம் தூங்கும்போதும் விற்கும்.

அதனால் என் நாளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால்தான். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வேலை, வட்ட யோக் (கழுத்தையும் தோளையும் சுற்றி வரும் மேல் பகுதி) வைத்த ஒரு ஸ்வெட்டர். தோளைச் சுற்றிப் பூ வரிசை வரும், ஒரு பூவுக்கு 12 கண்ணி. அடிப்படைக் கணக்கு, பின்னல் புத்தகங்கள் எழுதிய எலிசபெத் ஸிம்மர்மன் காட்டிய வழி: உடம்புக் கண்ணியை 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து எடுப்பது. 220 கண்ணி உடம்புக்கு மேல்கை 35 சதவீதம், 77. அக்குளுக்கு 8 சதவீதம், 18. உடம்பையும் இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் சேர்த்து, நான்கு அக்குள் பட்டைகளைக் கழித்தால் 302. இது 12-ஆல் வகுபடாது. இரண்டைக் குறைத்து 300 ஆக்கினால் கச்சிதமாக 25 பூ. அதன்பின் கண்ணிகளைச் சேர்த்துப் பின்னிக் குறைக்கும் மூன்று குறைப்புச் சுற்றுகளில் 225, 150, 90 என்று இறங்கி, கழுத்து 41 செ.மீ.யில் வந்து நிற்கிறது. அழகான கணக்கு, இல்லையா?

அதே கணக்கை 150 செ.மீ. மார்புச் சுற்றுக்குப் போடுங்கள். கழுத்து 60 செ.மீ.யைத் தாண்டிவிடும், ஸ்வெட்டர் தோளிலேயே நிற்காது. மார்பு பெருப்பதால் கழுத்தும் அதே அளவுக்குப் பெருப்பதில்லை, கை நீளமும் கூடுவதில்லை. எனவே பெரிய அளவுகளில் குறைப்புச் சுற்றைக் கூட்ட வேண்டும், பூவும் கெடக்கூடாது. ஒரே ஸ்வெட்டரை ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போடுகிற இந்தக் கிரேடிங்கில்தான் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சின்ன அளவை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் பெரியதை அப்படியே நீட்டி விற்கிற பேட்டர்ன்கள் நிறைய உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவரை ஏமாற்றுகிற வேலை அது.

இன்னொரு ஊசியில் ஒரு நூல் நிறுவனத்துக்கான லேஸ் சால்வை, துளைத் துளையாக வடிவம் வரும் பின்னல். அவர்கள் வெளியிடும்வரை படம் காட்ட முடியாது. லேஸில் ஒரு கண்ணி நழுவினால் நாலைந்து வரிசைக்குக் கீழே போய் நிற்கும். பக்கத்துக் கண்ணிகள் சாய்ந்தும் இடையில் துளை விட்டும் கிடப்பதால் பிடித்து மேலே கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு வடிவம் முடியும்போதும் வேறு நிறத்தில் மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, அந்த வரிசைக் கண்ணிகள் எல்லாவற்றுக்குள்ளும் ஓட்டி விட்டுவிடுவேன். எங்கே பிசகினாலும் அதுவரைதான் பிரியும். வழவழப்பான பருத்தி நூலாகப் பாருங்கள், கம்பளி நூல் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு ஜோடி காலுறை, யாருக்காகவும் இல்லை. ஒரே தடிமனில் நாள் முழுக்கப் பின்னினால் கட்டை விரலடி வலிக்க ஆரம்பித்துவிடும், ஊசி மாற்றினால் கை கொஞ்சம் ஆறும். பின்னுகிறவருக்குக் கை போனால் கடையே மூடியாயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். இந்தத் துறையில் அழகாகப் பின்னுகிறவர்கள் ஏராளம், எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அடுத்தவர் எழுதிய பேட்டர்னை வரிக்கு வரி சோதித்துக் கொடுக்கும் டெக் எடிட்டர் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி உண்டு, அதை ராத்திரியில் வீட்டிலிருந்தே செய்யலாம். உங்களிடம் இருக்கும் பேட்டர்ன்களில் எட்டு ஒன்பது அளவு உள்ள ஒன்றை எடுத்து, எல்லா எண்களையும் எக்ஸெலில் போட்டு, எந்த அளவில் எந்த வரிசையில் கணக்கு உதைக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதில் நேரம் போவது தெரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், ராஜினாமா பற்றி அப்போது பேசலாம்.