நாற்பத்தைந்துக்கு மேல் கிராமத்துக்குக் குடிபோனால் நண்பர்கள் கிடைப்பார்களா?

கேள்வி: "நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நகரத்தை விட்டு, யாரையும் தெரியாத கிராமத்தில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க நினைக்கிறேன். அந்த வயதில் புதிய நட்பு அமையுமா, தனியாகத்தான் இருக்க வேண்டுமா?"

அமையும். ஆனால் இப்போது நீங்கள் மனதில் நினைத்து வைத்திருக்கும் ஆளாக அவர் இருக்க மாட்டார்.

விவாகரத்துக்குப் பிறகு நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஊருக்குக் குடிவந்தவள் நான். என் வயதில், என்னைப் போலவே புத்தகமும் பாட்டுமாக இருக்கிற ஒருத்தியாவது அகப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படி யாரும் இல்லை. இன்று எனக்கு மிக நெருக்கமானவர் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர், ஆடு வளர்க்கிறார். நான் வீட்டிலிருந்து என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. "உட்கார்ந்த இடத்திலேயே சம்பளம்" என்பதோடு சரி.

ஆரம்பித்து வைத்தது ஒரு பாம்பு. குளியலறையில் அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் கம்போடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "இது விஷமில்லாதது. இதுக்கா இந்தக் கத்து கத்தினே?" என்றார். அதை வெளியே விரட்டிவிட்டுப் போய்விட்டார். சில நாள் கழித்து மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, "எது காலையிலே, எது ராத்திரியிலேன்னு சொல்லும்மா" என்று என் திண்ணையில் உட்கார்ந்தார். அன்று பேச ஆரம்பித்தவர்கள்தான்.

ஜெக்கர், லாண்டி என்ற இரு உளவியலாளர்கள் 1969-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு போட்டியில் பணம் ஜெயித்தவர்களில் சிலரிடம், "என் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் இதை நடத்துகிறேன், திருப்பித் தர முடியுமா?" என்று நடத்தியவரே கேட்டார். பணத்தை அப்படியே வைத்துக்கொண்டவர்களைவிட, கேட்டதும் திருப்பித் தந்த இவர்களுக்குத்தான் அவரை அதிகம் பிடித்திருந்தது. உதவி செய்தவர்மீது நமக்குப் பிரியம் வருவது இயல்பு. நாம் யாருக்கு உதவினோமோ அவர்மீதும் வருகிறது என்பதுதான் இதில் விசேஷம்.

கிராமத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அங்கே தனியாக எதையும் சமாளிக்க முடியாது. மோட்டார் ஓடாது, மரம் விழும், பஸ் வராது. யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும். அப்புறம், வாங்கிய உதவிக்கு உடனே ஈடு செய்துவிடுவது நகரத்தில் மரியாதை. இங்கே அப்படிச் செய்தால், 'இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை' என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அக்கா சொன்னால் நான் வற்புறுத்துவதில்லை. யார் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே இப்போது ஞாபகமில்லை.

நேரமும் ஒரு காரணம். ஜெஃப்ரி ஹால் என்பவரின் 2018 ஆய்வுப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறுவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நட்பு என்றால் 200 மணி நேரத்துக்கும் மேல். நடுவயதில் அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது? நகரத்தில் ஒரு காபிக்கே இரண்டு வாரம் முன்னால் தேதி குறிக்க வேண்டியிருந்தது. இங்கே தண்ணீர் பிடிக்கும்போதும் ஆட்டைத் தேடிப் போகும்போதும் அந்த நேரம் தானாகச் சேர்ந்துவிடுகிறது.

அதனால் வீடு பார்க்கும்போது, ஆட்கள் நடமாடும் பாதையை ஒட்டிப் பாருங்கள். அமைதி வேண்டும் என்று ஊருக்கு வெளியே தோட்டத்து நடுவில் வீடு கட்டியவர்கள் ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும். அமைதிதான் கிடைத்தது. மாணவர் குடியிருப்பு ஒன்றில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1950-இல் வெளியானது. அங்கேயும் யார் யாருக்கு நண்பர் என்பதில் எந்தக் கதவு எந்தக் கதவுக்குப் பக்கம் என்பது பெரிய பங்கு வகித்தது.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். "நேத்து பன்னிரண்டு மணி வரைக்கும் லைட் எரிஞ்சுதே?" என்று காலையில் விசாரணை நடக்கும். விவாகரத்து பற்றி முகத்துக்கு நேரே கேட்பார்கள். சிலர் இத்தனை வருஷம் கழித்தும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, நானும் விட்டுவிட்டேன். அரசியல், சாமி, ஆண் பெண் பற்றியெல்லாம் அக்காவின் கருத்துகளில் பாதி எனக்கு ஒத்துவராது. என்னுடையவை அவருக்குச் சிரிப்பாக இருக்கும். நகரத்தில் இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரு வாரம்கூடப் பழகியிருக்க மாட்டேன், அதற்கு அவசியமே வந்திருக்காது.

இடம் வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வருஷமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். மழைக்காலத்தையும் சேர்த்து.