தாமஸ் பீட்டர்ஃபி: புரோகிராமர் புரோக்கர் முதலாளியான கதை (கேள்வி பதில்)

பங்கு வாங்கி விற்க உதவும் அமெரிக்க புரோக்கர் நிறுவனம் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ். அதன் நிறுவனர் பீட்டர்ஃபி பற்றி நீங்கள் கேட்டவற்றில் சில.

கல்லூரி மாணவி: சார், அவர் கம்ப்யூட்டர் படித்தவரா?

இல்லைம்மா. 1944ல் புடாபெஸ்டில் பிறந்து, 1965ல் ஆங்கிலம் தெரியாமல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். சாலைத் திட்டங்களுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. அந்த கம்பெனி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்க, அதை இயக்க ஆளில்லை. "நான் கற்றுக்கொள்கிறேன்" என்று இவர் முன்வந்தார். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு இதில் ஒரு சௌகரியம்: புரோகிராம் கோடுக்கு (code) உச்சரிப்பு கிடையாது.

திருப்பூர் வாசகர்: சந்தைக்குள் எப்படி நுழைந்தார்?

வால் ஸ்ட்ரீட்டில் மற்றவர்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்து. மொக்காட்டா மெட்டல்ஸ் என்ற உலோக வர்த்தகக் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஆப்ஷன் கணக்கு பிடிபட்டது. (ஆப்ஷன் என்பது ஒரு பங்கையோ பொருளையோ குறித்த விலைக்கு, குறித்த காலத்துக்குள் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை.) 1977ல் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் நேரடியாக வியாபாரம் செய்யும் உரிமை தரும் ஒரு இடத்தை (seat) சொந்தமாக வாங்கினார். பங்கு இந்த விலையில் இருந்தால் ஆப்ஷன் எவ்வளவு பெறும் என்று கம்ப்யூட்டரில் போட்டு, தாளில் அச்சடித்து, வியாபாரம் நடக்கும் கூடமான ஃப்ளோருக்குக் கொண்டுபோவார். சுற்றி நின்றவர்கள் அனுபவத்தையும் குரலையும் நம்பிய காலம் அது. 1983ல் தாள் போய், கையடக்கத் தொடுதிரைக் கம்ப்யூட்டர் வந்தது.

ஐ.டி. ஊழியர்: தானே டைப் அடிக்கும் மெஷின் செய்தாராமே, உண்மையா?

உண்மைதான். எனக்குப் பிடித்த கதையும் இதுதான். 1987ல், நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் விலை பார்த்து ஆர்டர் போடும் டெர்மினலின் ஒயரை வெட்டித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். விலையைப் படிப்பதும் ஆர்டர் போடுவதும் புரோகிராமே. சோதனைக்கு வந்த நாஸ்டாக் அதிகாரி ஆடிப்போனார். ஆர்டர் கீபோர்டு வழியாகத்தான் வரவேண்டும் என்பது விதி. ஒரு வாரம் கெடு. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆட்களை உட்கார வைத்திருக்கலாம். இவரோ திரைக்கு முன்னால் லென்ஸும் கேமராவும் வைத்தார். அது படித்ததைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட, கீபோர்டின் மேல் பொருத்திய இயந்திர விரல்கள் படபடவென்று தட்டின. ஆர்டர் கீபோர்டு வழியாகவே வந்தது! விதியில் "மனித விரல்" என்று எழுத யாருக்குத் தோன்றியிருக்கும்?

மதுரை வாசகர்: பிறகு?

1993ல் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ். தனக்காக எழுதிய ட்ரேடிங் வசதியை வாடிக்கையாளருக்கும் திறந்துவிட்டார். 2007ல் பங்கு வெளியீடு. 2019ல் சி.இ.ஓ. பதவியைக் கொடுத்துவிட்டுத் தலைவராகத் தொடர்ந்தார்.

பொறியியல் ஆசிரியர்: புரோகிராம் கோடையே (code) இவ்வளவு நம்பினால் சறுக்காதா?

சறுக்கியது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் (மே மாதம் எண்ணெய் தருவதற்கு முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தம்) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. பூஜ்யத்துக்குக் கீழே விலை இறங்கும் என்று அவர்கள் மென்பொருள் நினைக்கவில்லை. வாடிக்கையாளர்களால் விற்று வெளியேற முடியவில்லை. நஷ்டத்தை ஈடுகட்ட கம்பெனிக்கு சுமார் 10 கோடி டாலர் போனது. கோடு எழுதுகிறவர்களுக்கு இந்த வலி புரியும்.

எட்டு வருடமாக ஜாவாவில் புரோகிராம் எழுதும் ஆசாமி: வேலையை விட்டுவிட்டு ட்ரேடிங்குக்கு வரலாமா?

விடவே வேண்டாம், தம்பி. பீட்டர்ஃபியின் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்த மிலன் காலிக், 1990ல், இன்டராக்டிவ் புரோக்கர்ஸுக்கு முன்பே, அவருடைய ட்ரேடிங் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெவலப்பராகச் சேர்ந்தவர். ட்ரேடிங் சிஸ்டம் எழுதும் கம்பெனியில் முதலில் இடம் பிடியுங்கள். ஜாவா உங்களிடம் இருக்கிறது. பங்கு அசையாமல் நின்றாலும் ஆப்ஷன் விலை ஏன் மாறுகிறது என்று இன்டர்வியூவில் கேட்பார்கள், அதற்குத் தயாராகுங்கள்.