மணிக்குக் கொடுத்த மாத்திரை

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டு மணி இறந்து இன்றோடு பதினேழு நாட்கள் ஆகின்றன. ஏழு வயது, பதினெட்டு கிலோ எடை, நாட்டு நாய். ஐப்பசி மழைக்குப் பிறகு காதுமடலுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணி அப்பிக்கொண்டது. தெள்ளுப்பூச்சியும் சேர்ந்துகொள்ள, இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தான். கடையில் கேட்டு வாங்கிவந்த மாத்திரையை ஒரு வியாழக்கிழமை மாலை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். இறைச்சி வாசனை அடித்ததால் ஆசையாகத் தின்றுவிட்டு என் கையையும் நக்கினான்.

மறுநாள் காலையில் சோற்றைத் தொடவில்லை. பின்னங்கால் நடுங்கியது. மதியம் வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்வானோ என்று வாயில் விரலை விட்டேன். பல் பட்டு இரத்தம் வந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை விடியும்முன் போய்விட்டான். கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம்.

அதற்குப் பிறகுதான் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். முன்பு வலிப்பு வந்த நாய்களுக்கு எச்சரிக்கையுடன் கொடுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மணிக்கு ஒரு வயதில் ஒரு நிமிடம் வலிப்பு வந்ததுண்டு. கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இன்னொரு நாய் செவலைக்கும் அன்றே அதே மாத்திரையைக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே மாத்திரை காரணமில்லை என்கிறார் என் கணவர். பக்கத்து வீட்டில், “ஒரு நாய்க்காகவா இத்தனை அழுகை?” என்கிறார்கள். நான்தான் அவனைக் கொன்றேனா? செவலைக்கு அடுத்த மாதத் தவணை நெருங்குகிறது. கொடுக்கலாமா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விரல். மணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. போடப்பட்டிருந்தாலும்கூட, நம் நாட்டில் ஒரு நாய் நரம்புக் கோளாற்றால் சில நாட்களில் இறந்து, அதன் பல் பட்ட காயம் ஒருவர் கையில் இருக்கிறதென்றால், அதை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பதினேழு நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்; இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மணிக்கு வெறிநோய் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லை என்று சொல்ல உங்களிடமோ என்னிடமோ சான்று இல்லை, அவ்வளவுதான். வலிப்பில் நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது. வாயருகே கையைக் கொண்டுபோகாமல், தலை மோதாதபடி சுற்றிலும் இருப்பவற்றை அகற்றிவிட்டு, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பதே செய்ய வேண்டியது. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து.

இனி மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் ஐயம் பித்துப்பிடித்த ஐயமல்ல. நீங்கள் பெயர் குறிப்பிட்டிருந்த அந்த மாத்திரை (இங்கே அதை நீக்கிவிட்டேன்) ஐசாக்சசோலின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அஃபாக்சோலேனர், ஃப்ளூராலனர், சரோலேனர், லோட்டிலேனர் ஆகியவை அக்குடும்பத்தின் உறுப்பினர்கள். 2013 முதல் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தவை. நரம்பு மிகையாகத் துடிக்காமல் இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் போன்ற ஓர் அமைப்பு பூச்சிக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் நுழையும் வாயில் அது. இந்த மருந்து இரத்தத்தில் கலந்திருக்க, நாயைக் கடித்து அந்த இரத்தத்தைக் குடிக்கும் உண்ணியின் உடலில் அவ்வாயில் அடைபட்டு, நரம்புகள் கட்டறுந்து துடித்து அது சாகிறது. பூச்சியின் வாயிலில் இறுகப் பற்றும் இந்த மருந்து நாயின் வாயிலில் மிகக் குறைவாகவே பற்றும் என்பதை நம்பித்தான் மருந்தே உருவாக்கப்பட்டது. பெரும்பாலான நாய்களின் விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இந்தக் குடும்பத்து மருந்துகளைத் தின்ற சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் தசை நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வந்ததை எடுத்துச் சொல்லி, வீட்டினரையும் மருத்துவர்களையும் எச்சரித்தது. முன்பு வலிப்பே வராத விலங்குகளுக்கும் வரக்கூடும் என்பதும் அந்த எச்சரிக்கையில் உண்டு. மருந்துகளைப் பாதுகாப்பற்றவை என்று அது சொல்லவில்லை. சந்தையிலிருந்து விலக்கவும் இல்லை.

உங்கள் கணவரின் வாதத்தை இந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் அஃபாக்சோலேனருக்கு உரிமம் கிடைப்பதற்கு முன் நடந்த கள ஆய்வில், ஏற்கெனவே வலிப்பு வந்திருந்த மூன்று நாய்களுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்தின் குறிப்புத் தாளிலேயே அச்சாகியிருக்கும் செய்தி இது. முதல் நாய்க்கு முதல் தவணை கொடுத்த அன்றே வலிப்பு வந்தது, இரண்டாம் தவணை கொடுத்த அன்றும் வந்தது, மூன்றாம் தவணைக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இரண்டாவது நாய்க்கு மூன்றாம் தவணைக்குப் பத்தொன்பது நாள் கழித்து ஒருமுறை வந்தது. மூன்றாவது நாய்க்கு ஆய்வு முடியும்வரை வரவே இல்லை. ஒரே மருந்து, ஒரே குறைபாடு, மூன்று விளைவுகள். அப்படியிருக்க, வலிப்பே வந்திராத செவலை நலமாக இருப்பதை வைத்து மணியின் மாத்திரையை விடுவிக்க முடியாது. அவர் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் பொருந்தாத காரணத்தைச் சொல்லித் தேற்றினால் துக்கத்தில் இருப்பவருக்குத் தன் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் தோன்றும்.

அதே கண்டிப்போடு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகு வலிப்பு வந்தது என்பதால் மருந்தால்தான் வந்தது என்று முடிவுகட்ட முடியாது. உண்ணி அப்பிய நாய் அது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் எர்லிக்கியா, பபேசியா தொற்றுகள் முற்றினால் மூளையையும் தாக்கும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயிலும் நடுக்கமும் வலிப்பும் உண்டு. வயலுக்குத் தெளித்த மருந்தையோ எலிக்கு வைத்த விஷத்தையோ அவன் எங்காவது முகர்ந்து நக்கியிருக்கலாம். ஒரு வயதில் வந்த வலிப்பே எந்தத் தூண்டுதலும் இல்லாமல் திரும்பியிருக்கலாம். மாத்திரை தின்ற மறுநாளே நடுக்கம் தொடங்கியதும், பழைய வலிப்பு ஒன்று இருந்ததும் தராசை மாத்திரையின் பக்கம் சாய்க்கின்றன என்பதே என் கருத்து. ஆனால் இரத்தப் பரிசோதனையும் பிணப் பரிசோதனையும் இல்லாத நிலையில் அது கருத்தாகவே நிற்கும்.

என் தகப்பனாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. எறும்புக்குத் தூவும் பி.எச்.சி. பொடியை, உண்ணிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் அதன் முதுகில் கை நிறைய அள்ளித் தேய்த்துவிட்டார். நாய் அதை நக்கிக்கொண்டே திண்ணையில் படுத்திருந்தது நினைவிருக்கிறது. பொழுது சாயும்போது கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது, இரவு தாண்டவில்லை. “காத்துக் கருப்பு அடிச்சிருச்சு” என்றாள் பாட்டி. அந்தப் பொடி இந்தியாவில் தடைசெய்யப்பட்டது 1997இல். அதில் பூச்சியைக் கொல்லும் கூறான லிண்டேன், நான் மேலே சொன்ன அதே குளோரைடு வாயிலைத்தான் அடைக்கிறது, பூச்சி, நாய், மனிதன் என்ற வேறுபாடு பார்க்காமல். இதை நான் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அதன் பிறகு அவர் வீட்டில் நாய் வளர்க்க ஒப்புக்கொண்டதே இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை. பாட்டி சொன்ன காரணத்தை அவர் நம்பவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

“நான்தான் கொன்றேனா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மாத்திரைதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நிமிடம் வந்துபோன வலிப்பை, உண்ணிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் நீங்களாகவே நினைவுகூர்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருக்க வேண்டியவர் விற்றவர். கேட்டிருக்க வேண்டியவரும் அவரே. நாயின் எடையை மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிற வழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். இது மருத்துவர் நாயைப் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்து. சோப்பு வாங்குவதுபோல் வாங்கும் பொருளல்ல. ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இதை இறக்க முறிமருந்தும் கிடையாது. அஃபாக்சோலேனர் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை வலிப்பை அடக்கிவைக்கத்தான் மருத்துவரால் முடியும். வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் என்று நீங்கள் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்குக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வருடம் வாசலில் கிடந்த உயிர். அழுகைக்கு யாரிடமும் கணக்கு ஒப்படைக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை சில உண்டு. மாத்திரைப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். தயாரிப்புத் தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. மணி எந்த மணிக்கு மாத்திரை தின்றான், எப்போது நடுங்கினான், ஒவ்வொரு வலிப்பும் எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன ஊசி போடப்பட்டது என்பதையெல்லாம் மறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி, சிகிச்சை அளித்த மருத்துவரிடம் ஒரு படியும் மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு படியும் அனுப்புங்கள். பணமோ மன்னிப்போ கிடைக்கும் என்பதற்காக அல்ல. 2018இல் வந்த அந்த எச்சரிக்கை, உங்களைப் போன்றவர்கள் எழுதி அனுப்பிய தாள்கள் சேர்ந்ததால் வந்தது.

செவலையைப் பொறுத்தவரை, பயத்தில் உண்ணி மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் போகும் நாய்கள் நம் ஊரில் ஏராளம். தவணைத் தேதிக்கு முன் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மணிக்கு நேர்ந்ததைச் சொல்லி, இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தவணை அவளுக்கு ஒத்துக்கொண்டிருப்பதால் அதையே தொடரலாம் என்று அவர் சொல்லக்கூடும். உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் அதே குளோரைடு வாயிலில்தான் வேலை செய்கிறது. ஆனால் பெரும்பகுதி தோலின் மேலேயே தங்கி, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். எதைத் தேர்ந்தாலும் நாயின் உடம்பில் நீங்கள் காண்பது உண்ணிகளில் ஒரு பங்குதான். வயிறு புடைத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மணி படுத்திருந்த மூலையில் சுவரடி வெடிப்புகள் இருந்தால், அவனுடைய சாக்கை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, செவலை அங்கே போய்ப் படுக்கத் தொடங்கும் முன் சிமெண்டு வைத்துப் பூசச் சொல்லுங்கள்.